கைக்குழந்தைக்குக் குடல் சொருகல்: எப்படிக் கண்டுகொள்வது, எங்கே ஓடுவது, கையில் என்ன எடுத்துக்கொள்வது

குழந்தை திடீரென்று வீறிட்டு அழுகிறது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது. மறுபடியும் அழுகிறது, பாலைக் கக்குகிறது. வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்: வாயு, மாந்தம், பல் முளைக்கிறது, உரம் விழுந்திருக்கிறது, யாரோ கண் வைத்துவிட்டார்கள். பெரும்பாலான நாட்களில் அது சாதாரண வயிற்று உபாதையாகத்தான் இருக்கும். ஆனால் குடல் சொருகலும் இப்படித்தான் தொடங்குகிறது. அதற்குச் சில மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

எங்கள் மகனுக்கு எட்டு மாதத்தில் இது வந்தது. முதலில் காட்டிய இடத்தில் வாயு என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த இடத்தில் சீதபேதி என்றார்கள். வயிற்று ஸ்கேன் எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதற்குப் பின் குழந்தை அறுவை சிகிச்சை டாக்டர்களிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பில் கட்டும் இடத்திலும் இன்சூரன்ஸ் மேசையிலும் அலைந்து கற்றுக்கொண்டதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுகுடலின் கடைசிப் பகுதி, பழைய ரேடியோவின் ஏரியல் கம்பி ஒன்றுக்குள் ஒன்று இறங்குவது போல, பெருங்குடலுக்குள் நுழைந்துகொள்கிறது. போகும்போது தன் ரத்தக் குழாய்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் பாதை அடைபடுகிறது, குடல் வீங்குகிறது, நேரம் போகப் போக ரத்த ஓட்டம் நின்று அந்தப் பகுதி அழுகவும் செய்யலாம். 3 மாதத்திலிருந்து 3 வயது வரையான குழந்தைகளுக்குத்தான் இது பெரும்பாலும் வருகிறது. அதிலும் 5 முதல் 10 மாதக் குழந்தைகளே அதிகம். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்குக் கூடுதலாக வருகிறது. சளி, காய்ச்சல் அல்லது பேதி வந்துபோன சில நாட்களில் வருவதுண்டு. அந்தத் தொற்றால் சிறுகுடலின் கடைசியில் உள்ள நிணநீர்த் திட்டுகள் வீங்கி, குடல் உள்ளே இழுபடத் தொடங்குகிறது என்கிறார்கள். நல்ல கொழுகொழு குழந்தைக்கும் வரும். தாய் சாப்பிட்ட எதனாலும் வருவதில்லை, குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடித்ததாலும் வருவதில்லை. பால் கொடுக்கும் தாயைப் பார்த்து “நீ என்ன சாப்பிட்டே?” என்று கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

1. அழுகைக்கு நேரம் குறியுங்கள்

குடல் சொருகலின் முதல் அடையாளம் அழுகை வரும் விதம். வலி விட்டு விட்டு வரும். குழந்தை திடீரென்று கத்தும், இரண்டு கால்களையும் வயிற்றை நோக்கி மடக்கும், முகம் வெளுத்துப் போகும். சில நிமிடங்களில் தானாக அடங்கிவிடும். பிறகு 15, 20 நிமிடம் கழித்து அதேபோல மறுபடியும் வரும். நேரம் ஆக ஆக இடைவெளி குறைந்துகொண்டே போகலாம்.

இந்த நடு இடைவெளிதான் எல்லாரையும் ஏமாற்றிவிடுகிறது. தொடக்கத்தில் அந்த நேரத்தில் குழந்தை சிரிக்கும், பொம்மையைப் பிடிக்கும். “பார், சரியாகிவிட்டது” என்று வீடே மூச்சு விடும். டாக்டர் பார்க்கும் இரண்டு நிமிடமும் இந்த இடைவெளியில் விழுந்துவிட்டால், அவருக்கும் வித்தியாசமாக ஒன்றும் தெரியாது. எங்களுக்கு அப்படித்தான் ஆனது.

அதனால் செல்போனில் இரண்டு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு முறை அழத் தொடங்கும்போதும் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முறையாவது முழுதாக வீடியோ எடுங்கள். கால் மடக்குவதும் முகம் வெளுப்பதும் அதில் தெரிய வேண்டும். குழந்தை அழும்போது வீடியோ எடுக்கவா என்று வீட்டில் யாராவது கோபப்பட்டாலும் எடுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் நீங்கள் வாயால் சொல்வதைவிட அந்த ஒரு நிமிட வீடியோ அதிகம் சொல்லும்.

பச்சைக் குழந்தைகளுக்கு வரும் சாதாரண வயிற்றுவலி அழுகையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பிறந்த சில வாரங்களில் தொடங்கும், பெரும்பாலும் சாயங்காலத்திலும் இரவிலும் வரும், நாள் தவறாமல் வரும், 3, 4 மாதத்தில் தானாக நின்றுவிடும். அந்தக் குழந்தை பால் நன்றாகக் குடிக்கும், முகத்தின் நிறம் மாறாது. இதுவரை அப்படி அழாத ஆறு, ஏழு மாதக் குழந்தை ஒரே நாளில் புதிதாக இப்படி அழத் தொடங்கினால் அதை வாயு என்று ஒதுக்காதீர்கள்.

2. வாந்தியின் நிறத்தைப் பாருங்கள்

முதலில் குடித்த பால் அல்லது சாப்பிட்ட உணவு வாந்தியாக வரும். இந்தக் கட்டத்தில் சாதாரண செரிமானக் கோளாறுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. குடல் அடைத்துக்கொண்டு நேரமானால் வாந்தி மஞ்சளாகி, பச்சையாகிவிடும்.

நம் ஊரில் பச்சை வாந்தியைப் பார்த்தால் “பித்தம் வருது, வெளியே வந்தா நல்லதுதான்” என்பார்கள். பெரியவர்களுக்கு எப்படியோ, கைக்குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் அது குடல் அடைப்பாக இருக்கலாம் என்றே டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். குடல் முறுக்கிக்கொள்வது போன்ற வேறு ஆபத்துகளுக்கும் இதுவே அடையாளம். வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் இது ஒன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பப் போதுமானது. வாந்தி பட்ட துணியைத் துவைக்கப் போடாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோவில் நிறம் சரியாக விழாது.

3. மலத்தில் ரத்தம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

குடல் சொருகல் என்று தேடினால் முதலில் சொல்லப்படுவது, சளியும் ரத்தமும் கலந்து கருஞ்சிவப்பாக, ஜவ்வு ஜவ்வாக வரும் மலம். அது உண்மைதான். ஆனால் அது தாமதமாக வரும் அறிகுறி. குடலின் உள்தோல் பாதிக்கப்பட்ட பிறகுதான் அப்படி வரும். வலி, கையில் தட்டுப்படும் கட்டி, ரத்த மலம் மூன்றும் சேர்ந்து வருவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான குழந்தைகளிடம்தான். தொடக்கத்தில் குழந்தை வழக்கம்போல மஞ்சளாக மலம் கழிக்கவும் செய்யலாம். அதைப் பார்த்துவிட்டு “வயித்துல போயிடுச்சு, அடைப்பெல்லாம் இல்லை” என்று முடிவு கட்டாதீர்கள். அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே இருந்த மலம் அது.

ரத்தம் வந்துவிட்டால் அடுத்த குழப்பம் சீதபேதி. இரண்டிலும் சளியும் ரத்தமும் உண்டு. சீதபேதியில் அடிக்கடி தண்ணீராகப் போகும், பெரும்பாலும் தொடக்கத்திலேயே காய்ச்சல் இருக்கும். குடல் சொருகலில் மலத்தின் அளவு குறைவு. சில சமயம் வெறும் சளியும் ரத்தமும் மட்டும் டயப்பரில் இருக்கும். அதற்கு முன்பே வாந்தியும் விட்டு விட்டு வரும் வலியும் தொடங்கியிருக்கும். “சீதபேதிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறேன், இரண்டு நாள் பாருங்கள்” என்று யாராவது சொன்னால், வாந்தி எப்போது தொடங்கியது, அழுகை எப்படி விட்டு விட்டு வருகிறது என்பதை மறுபடியும் எடுத்துச் சொல்லுங்கள். டயப்பரையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

4. குழந்தை அமைதியாகிவிட்டால் இன்னும் கவனமாக இருங்கள்

இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். சில மணி நேரம் போனதும் குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டுவிடும். கண் செருகும், கூப்பிட்டால் திரும்பாது, தோளில் சாய்ந்தபடியே கிடக்கும். அழுது களைத்துத் தூங்குகிறது என்று வீட்டில் நினைப்போம். தூங்கும் குழந்தையை எழுப்பினால் சிணுங்கும், கண்ணைப் பார்க்கும், பால் கேட்கும். இந்தச் சோர்வில் அப்படி எதுவும் இருக்காது.

சில குழந்தைகளுக்கு வலியே வெளியில் தெரியாமல், இந்தத் துவளல் மட்டும் அறிகுறியாக வருவதும் உண்டு. அப்படி வந்தால் மூளைக் காய்ச்சலோ, வலிப்போ, ஏதாவது விஷப் பொருளை விழுங்கியதோ என்று டாக்டர்களே யோசிப்பார்கள். காரணம் தெரியாமல் துவண்டு கிடக்கும் கைக்குழந்தைக்கு வயிற்று ஸ்கேனும் பார்க்கலாமா என்று கேட்பதில் தப்பே இல்லை.

வயிற்றின் வலது பக்கம், மேலே, நீளவாக்கில் ஒரு கட்டி தட்டுப்படலாம். அதைத் தேடி நீங்கள் வயிற்றை அமுக்க வேண்டாம். அது டாக்டரின் வேலை.

5. வீட்டில் இவற்றைச் செய்யாதீர்கள்

உரம் எடுக்கிறேன் என்று குழந்தையைச் சேலையிலோ முறத்திலோ போட்டு உருட்டுவது. குடல் தட்டுகிறேன் என்று விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவிவிடுவது. மலம் போகட்டும் என்று வெற்றிலைக் காம்பை ஆசனவாயில் வைப்பது. மருந்துக் கடையில் கேட்டு மலம் இளக்கும் மருந்து கொடுப்பது. இவை எல்லாம் இந்த நோயில் ஆபத்து. உள்ளே வீங்கி நலிந்து போயிருக்கும் குடலை வெளியிலிருந்து அமுக்கக் கூடாது. செய்கிற பாட்டிமார்கள் அன்போடுதான் செய்கிறார்கள், அவர்களோடு சண்டை போட அப்போது நேரமும் இல்லை. “டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்து செஞ்சுக்கலாம் அத்தை” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள். நான் அப்படித்தான் சொன்னேன்.

கிரைப் வாட்டர், ஓமத் தண்ணீர், வசம்பு எல்லாவற்றுக்கும் இதேதான். குடல் அடைத்திருக்கும்போது வாய் வழியாக எது கொடுத்தாலும் வாந்திதான் வரும், அது மூச்சுக்குழலுக்குள் போகும் அபாயமும் உண்டு. பச்சை வாந்தி, ரத்தம் அல்லது துவளல் தெரிந்துவிட்டால், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பாலும் தண்ணீரும் கொடுக்காதீர்கள். கடைசியாக எத்தனை மணிக்குப் பால் குடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுப்பவர் முதலில் கேட்பது அதைத்தான். ஆனால் வெறும் சந்தேகம் மட்டும் இருக்கிறது, குழந்தை தெளிவாக இருக்கிறது என்றால் மணிக்கணக்கில் பட்டினி போட வேண்டாம். உடனே போய்க் காட்டிவிடுவதே சரி.

6. எந்த ஆஸ்பத்திரி என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள்

நேரம் அதிகம் வீணாவது இங்கேதான். பக்கத்துக் கிளினிக், அங்கிருந்து ஸ்கேன் சென்டர், அங்கிருந்து ஒரு நர்சிங் ஹோம், அவர்கள் கைவிரித்த பிறகு பெரிய ஆஸ்பத்திரி என்று அலைந்தால் அரை நாள் போய்விடும். வலி தொடங்கி 24 மணி நேரம் தாண்டினால் அறுவை சிகிச்சை இல்லாமல் சரிசெய்யும் வாய்ப்பு குறைந்துகொண்டே வரும்.

நீங்கள் போகும் இடத்தில் மூன்று வசதி இருக்க வேண்டும். இரவிலும் வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பவர், குழந்தை அறுவை சிகிச்சை நிபுணர், குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கத் தெரிந்தவர். தனியார் ஆஸ்பத்திரி என்றால் வண்டியில் ஏறும்போதே போன் செய்து கேளுங்கள்: “எட்டு மாசக் குழந்தை, குடல் சொருகலா இருக்குமோன்னு சந்தேகம். குழந்தைங்களுக்கு ஆபரேஷன் பண்ற டாக்டர் இப்ப இருக்காங்களா? ராத்திரியில ஸ்கேன் எடுப்பீங்களா?” இல்லை என்றால் அடுத்த இடத்துக்குக் கேளுங்கள். குழந்தை நல மருத்துவர் வேறு, குழந்தை அறுவை சிகிச்சை நிபுணர் வேறு. போர்டில் “குழந்தைகள் மருத்துவமனை” என்று இருந்தால் மட்டும் போதாது.

அரசு ஆஸ்பத்திரிகளில் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றில் குழந்தை அறுவை சிகிச்சைக்கென்று தனித் துறை உண்டு. மத்திய அரசின் புதுச்சேரி ஜிப்மரிலும், தனியார் மருத்துவமனையான வேலூர் சிஎம்சியிலும் உண்டு. மற்ற மாவட்டங்களில் இருப்பவர்கள் தங்கள் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தத் துறை இருக்கிறதா என்று 104 எண்ணில் விசாரிக்கலாம். இதைக் குழந்தை நன்றாக இருக்கும்போதே கேட்டு, போனில் பதிந்து வைப்பது நல்லது.

வண்டி இல்லையென்றால் 108. கட்டணம் கிடையாது. கிராமத்தில் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தாலுகா ஆஸ்பத்திரியிலோ முதலில் காட்டி, டிரிப்ஸ் ஏற்றி, அங்கிருந்து 108 மூலமாகவே மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லலாம். குழந்தை துவண்டிருந்தால் இதுவே பாதுகாப்பான வழி. கிளம்பும்போது பரிந்துரைச் சீட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். என்ன சந்தேகத்துக்காக அனுப்புகிறார்கள், என்ன மருந்து போட்டார்கள், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

7. டாக்டரிடம் எதை முதலில் சொல்வது

அவசரப் பிரிவில் கூட்டம் இருக்கும். “குழந்தை அழுதுட்டே இருக்கு” என்று தொடங்கினால் நீங்கள் வரிசையின் பின்னால் போய்விடுவீர்கள். முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்:

“காலையில நாலு மணியில இருந்து இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை காலை மடக்கிக் கத்துறான் டாக்டர். நடுவுல சோர்ந்து போயிடுறான். மூணு தடவை வாந்தி, கடைசியா பச்சையா வந்துச்சு. போன வாரம் சளி, காய்ச்சல் இருந்துச்சு. வீடியோ இருக்கு. குடல் சொருகலா இருக்குமோன்னு பயமா இருக்கு, ஸ்கேன் பாக்கலாமா?”

டாக்டருக்கே நோயின் பெயரைச் சொல்வதா என்று தயங்காதீர்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. “இப்போது தேவையில்லை” என்று அவர் சொன்னால், என்ன நடந்தால் திரும்பி வர வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

8. ஸ்கேன்

இந்த நோயைக் கண்டுபிடிக்க அல்ட்ராசவுண்ட் போதும். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, சில நிமிட வேலை. அனுபவமுள்ளவர் எடுத்தால் தப்புவது மிக அபூர்வம். திரையில் வட்டத்துக்குள் வட்டமாகக் குடல் தெரியும். தனியார் சென்டரில் சுமார் 800 முதல் 1,500 ரூபாய் வரை ஆகும். இரவில் கூடுதலாகக் கேட்பார்கள்.

எக்ஸ்ரே மட்டும் எடுத்து “ஒன்றும் இல்லை” என்று சொன்னால் அதோடு நின்றுவிடாதீர்கள். குடல் சொருகல் இருந்தும் எக்ஸ்ரே சாதாரணமாக இருக்கலாம். எக்ஸ்ரே எடுப்பது பெரும்பாலும் குடலில் ஓட்டை விழுந்து காற்று கசிந்திருக்கிறதா, அடைப்பு எவ்வளவு என்று பார்க்கத்தான்.

ரிப்போர்ட்டில் இன்டஸசெப்ஷன் (குடல் சொருகலின் ஆங்கிலப் பெயர்) என்று எழுதியிருக்கும். எந்தக் குடல் எதற்குள் போயிருக்கிறது என்பதையும் கேளுங்கள். சிறுகுடல் சிறுகுடலுக்குள்ளேயே கொஞ்ச நீளத்துக்குச் சொருகி, ஸ்கேன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விலகிவிடுவதும் உண்டு. வேறு தொந்தரவு இல்லாத குழந்தைக்கு அப்படித் தெரிந்தால் பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாது, கண்காணிப்பு போதும். சிறுகுடல் பெருங்குடலுக்குள் போயிருந்தால்தான் உடனடி சிகிச்சை. ஸ்கேன் படத்தையும் ரிப்போர்ட்டையும் உடனே போட்டோ எடுத்து, போகப்போகும் ஆஸ்பத்திரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் நீங்கள் போய்ச் சேருவதற்குள் அவர்கள் தயாராக இருப்பார்கள்.

9. சிகிச்சை எப்படி நடக்கும்

கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றுவார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் போடலாம். ரத்தப் பரிசோதனையும் ரத்த வகையும் பார்ப்பார்கள். இதெல்லாம் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் வாந்தியில் நீர் இழந்த குழந்தைக்கு டிரிப்ஸ் ஏற்றித் தெம்பாக்கிய பிறகுதான் அடுத்த வேலையைத் தொடங்குவார்கள்.

அதன் பிறகு, குடலில் ஓட்டை இல்லை, வயிறு கல்லாக இறுகவில்லை, குழந்தையின் நாடித்துடிப்பும் ரத்த ஓட்டமும் சரியாக இருக்கிறது என்றால் கத்தி படாமலே சரிசெய்யப் பார்ப்பார்கள். ஆசனவாயில் மெல்லிய குழாய் வைத்து, அளவான அழுத்தத்தில் காற்றையோ உப்பு நீரையோ செலுத்துவார்கள். அந்த அழுத்தம் உள்ளே போன குடலை மெதுவாக வந்த வழியே பின்னுக்குத் தள்ளும். காற்று என்றால் எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே செய்வார்கள், உப்பு நீர் என்றால் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே செய்வார்கள். சீக்கிரம் வந்த குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு இதிலேயே சரியாகிவிடுகிறது. முதல் தடவை முழுதாக விலகாவிட்டால், குழந்தையின் நிலை நன்றாக இருந்தால், சற்று நேரம் விட்டு மறுபடியும் முயல்வார்கள்.

கையெழுத்து வாங்கும் படிவத்தில் “குடலில் ஓட்டை விழலாம், அறுவை சிகிச்சை தேவைப்படலாம்” என்று இருக்கும். படித்ததும் கை நடுங்கும். ஓட்டை விழுவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அப்படி ஆனாலும் உடனே பார்த்துக்கொள்ளத்தான் அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கும் இடத்துக்குப் போகச் சொன்னேன். கையெழுத்துப் போட அப்பாவோ அம்மாவோ அங்கே இருக்க வேண்டும். தாத்தா பாட்டியிடம் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். கையெழுத்துக்காகக் காத்திருந்து தாமதமாக விடாதீர்கள்.

இது பலிக்கவில்லை, அல்லது நேரம் கடந்து குடல் கெட்டிருக்கலாம் என்று தோன்றினால் அறுவை சிகிச்சை. வயிற்றைத் திறந்து குடலைக் கையால் மெதுவாகப் பிதுக்கி வெளியே கொண்டுவருவார்கள். கெட்டுப்போன பகுதி இருந்தால் மட்டும் அதை வெட்டி எடுத்துவிட்டு நல்ல முனைகளைச் சேர்த்துத் தைப்பார்கள். குழந்தைகள் இதிலிருந்து நன்றாக எழுந்துவிடுகிறார்கள்.

காற்று அல்லது நீர் செலுத்திச் சரியானால் ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். அறுவை சிகிச்சை என்றால் சில நாட்கள் முதல் ஒரு வாரம் வரை ஆகலாம். வேலைக்கு லீவு சொல்வதையும் மூத்த குழந்தையை யாரிடம் விடுவது என்பதையும் அதற்கேற்ப யோசித்துக்கொள்ளுங்கள்.

10. ஆவணங்களும் செலவும்

அவசரத்தில் ஆவணம் தேடி அரை மணி நேரம் போக்காதீர்கள். முதலில் குழந்தை போகட்டும், பின்னால் ஒருவர் எடுத்து வரட்டும். எடுத்து வர வேண்டியவை: குழந்தையின் தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ், குழந்தைக்கு ஆதார் எடுத்திருந்தால் அது, அப்பா அம்மா இருவரின் ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை, தனியார் இன்சூரன்ஸ் இருந்தால் அந்த அட்டை. எல்லாவற்றையும் இப்போதே போட்டோ எடுத்து, வீட்டில் இரண்டு பேர் போனில் வைத்துக்கொண்டால் நல்லது. இரவில் ஜெராக்ஸ் கடை இருக்காது.

அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அட்டை இல்லை என்று யாரும் திருப்பி அனுப்பவும் மாட்டார்கள்.

தனியாரில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பயன்படுத்த, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழும் ரேஷன் கார்டும் தேவை. அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். அதோடு குழந்தை அறுவை சிகிச்சைக்கும் அங்கே அனுமதி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். சில இடங்கள் திட்டத்தில் இருந்தாலும் எல்லாச் சிகிச்சைக்கும் இருக்காது. 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ரேஷன் கார்டு: குழந்தையின் பெயர் அதில் சேர்க்கப்படாமல் இருக்கும். பிறப்புச் சான்றிதழ் கையில் வந்த வாரமே பெயரைச் சேர்த்துவிடுங்கள். ஆஸ்பத்திரிக் காப்பீட்டு மேசையில் நின்றுகொண்டு அதைச் செய்ய முடியாது.

கம்பெனி இன்சூரன்ஸிலும் இதே சிக்கல் உண்டு. புதிதாகப் பிறந்த குழந்தையின் பெயரை ஹெச்ஆரிடம் குறிப்பிட்ட நாட்களுக்குள் கொடுத்திருக்க வேண்டும். குழந்தையை அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்த்தால், சேர்த்த 24 மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸ்காரர்களுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் (கேஷ்லெஸ்) வசதிக்கு விண்ணப்பித்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜின்போது மூன்று மணி நேரத்துக்குள் அனுமதி தர வேண்டும் என்பது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் கொண்டுவந்த விதி. பில் மேசையில் மணிக்கணக்கில் உட்கார வைத்தால் இதை எடுத்துச் சொல்லலாம்.

கைப்பணம் கட்டுபவர்கள் சேர்க்கும்போதே இரண்டு மதிப்பீடு எழுதி வாங்குங்கள்: காற்று அல்லது நீர் செலுத்திச் சரியானால் எவ்வளவு, அறுவை சிகிச்சை ஆனால் எவ்வளவு. இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்கும். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதைத் தனியாகக் கேளுங்கள். மருந்துக் கடை பில், ஸ்கேன் பில் எல்லாவற்றிலும் குழந்தையின் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பெயர் வைக்காத குழந்தையை “இன்னாரின் ஆண் குழந்தை” என்று ஓரிடத்திலும் கூப்பிடும் பெயரை இன்னோரிடத்திலும் எழுதிவிட்டால் பணம் திரும்பி வருவது இழுத்துக்கொண்டே போகும்.

பணப் பிரச்சினை என்றால், குழந்தையின் நிலை தாங்கும் என்று டாக்டர் சொன்னால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றச் சொல்லத் தயங்காதீர்கள். இந்தச் சிகிச்சையில் அங்கே நல்ல அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். மாற்றுவதாக இருந்தால் உடனே மாற்றுங்கள், அரை நாள் யோசிக்காதீர்கள்.

11. வீட்டுக்கு வந்த பிறகு

கத்தி படாமல் சரிசெய்த குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது திரும்ப வரலாம். முதல் இரண்டு, மூன்று நாட்களில் வருவதும் உண்டு, மாதங்கள் கழித்தும் வருவதுண்டு. மறுபடியும் அதே அழுகை தெரிந்தால் பழைய டிஸ்சார்ஜ் சீட்டோடு நேராக அதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த முறை ஸ்கேனுக்காக யாரிடமும் வாதாட வேண்டியிருக்காது. திரும்ப வந்தாலும் பெரும்பாலும் மறுபடியும் காற்றோ நீரோ செலுத்தியே சரிசெய்வார்கள்.

பலமுறை வந்தாலோ, 3 வயதுக்கு மேல் முதல் தடவையாக வந்தாலோ, குடலில் பிறவியிலேயே உள்ள சிறு பை, சதை வளர்ச்சி, நிணநீர்க் கட்டி போல ஏதாவது காரணம் இருக்கிறதா என்று தேடச் சொல்லிக் கேளுங்கள். கொஞ்சம் பெரிய குழந்தைக்குக் கால்களிலும் பிட்டத்திலும் ஊதா நிறப் புள்ளிகளும் மூட்டு வலியும் சேர்ந்து வயிறு வலித்தால் அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ரத்தக் குழாய்களைத் தாக்கும் ஒரு நோயிலும் குடல் சொருகும்.

சாப்பாட்டில் தனிப் பத்தியம் எதுவும் இல்லை. டாக்டர் சொன்ன நேரத்திலிருந்து தாய்ப்பாலும், அவர் சொல்லும் வரிசையில் மற்ற உணவும் கொடுக்கலாம்.

கடைசியாகத் தடுப்பு மருந்து. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தை 6, 10, 14 வாரங்களில் அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். மிக அபூர்வமாக இந்த மருந்துக்குப் பின் குடல் சொருகல் வரலாம் என்று சில நாடுகளில் கண்டிருக்கிறார்கள். அதற்காகச் சொட்டு மருந்தையே தவிர்த்துவிட வேண்டாம். வயிற்றுப்போக்கால் வரும் ஆபத்து அதைவிட மிகப் பெரியது. கொடுத்த பிறகு வரும் ஒரு வாரம் மேலே சொன்ன அறிகுறிகளைக் கவனித்துக்கொண்டால் போதும். ஆனால் ஏற்கெனவே குடல் சொருகல் வந்த குழந்தைக்கு இந்தச் சொட்டு மருந்து கொடுக்கக் கூடாது. முகாமில் கூட்டத்தில் யாரும் அதைக் கேட்காமல் போகலாம். அதனால் தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்தில், நோயின் பெயரையும் தேதியையும் டாக்டர் கையாலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.